தட்டும் கை யாருடையது?: ‘நோமேட்லேண்ட்’ படத்தின் அரசியல்

க்ளோயி ஜாவ் இயக்கிய ‘நோமேட்லேண்ட்’ 2020 செப்டம்பரில் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் வென்றது. 2021 ஏப்ரலில் சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த நடிகை என்று மூன்று ஆஸ்கர் விருதுகள். சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கரை வாங்கிய இரண்டாவது பெண் ஜாவ். வெள்ளையரல்லாத பெண்களில் அவர்தான் முதலாமவர். இவ்வளவு விருது வாங்கிய படத்தின் அரசியல் என்ன என்ற கேள்வி எழாமல் இருக்காது. எழுந்தது. பதில்களும் சீக்கிரமே வந்துவிட்டன, கொஞ்சம் அதிகச் சீக்கிரமாகவே.

ஒரு தரப்பு சொன்னது: இது அமேஸானின் முதுகைத் தடவிக்கொடுக்கும் படம். கிடங்குக்குள் கேமராவைக் கொண்டுபோக அனுமதி வாங்கிக்கொண்டு, உள்ளே நடப்பதைப் பற்றி வாயே திறக்கவில்லை. இன்னொரு தரப்பு பன்மைத்துவக் கணக்கைப் போட்டது. இயக்குநர் ஆசியப் பெண், நாயகி அறுபதைக் கடந்தவள், நடிப்பவர்களில் பாதிப்பேர் நிஜமான நாடோடிகள், ஆகவே முற்போக்கு. அதே கணக்கைத் திருப்பிப் போட்டவர்களும் உண்டு. “என்னங்க இது, திரையில வர்ற முகமெல்லாம் வெள்ளையாவே இருக்கே” என்று ஒரு நண்பர் கேட்டார். தவறான கேள்வி இல்லை. ஆனால் இந்த மூன்று கணக்குமே ஒரே மாதிரி ஆரம்பித்து ஒரே இடத்தில் நின்றுவிடுகின்றன. எது இருக்கிறது, எது இல்லை என்று எண்ணிச் சொல்லிவிட்டு, கூட்டுத்தொகையை அரசியல் என்று எழுதிவிடுகின்றன.

இந்தப் படத்தின் அரசியல் வேறொரு இடத்தில் இருப்பதாக நான் நினைக்கிறேன். தனிமையை அது என்னவாகப் பார்க்கிறது என்பதில்தான் அது இருக்கிறது. சாலையில் ஒரு மனிதர் தனியாகப் போகிறார் என்றால் அது அவருடைய குணமா, துக்கமா, இல்லை யாரோ அவரை அங்கே தள்ளிவிட்டார்களா? அப்படித் தனியாகப் போக யாருக்கெல்லாம் வாய்க்கும்?

*

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நெவாடா மாநிலத்தில் எம்பயர் என்று ஒரு சிற்றூர். ஜிப்சம் பலகை செய்யும் தொழிற்சாலையை நம்பி, அதன் நிறுவனமே கட்டிய ஊர். 2011 ஜனவரி 31 அன்று ஆலையை மூடினார்கள். அதே வருடம் ஜூலைக்குள் அந்த ஊரின் அஞ்சல் குறியீடான 89405 கூட ரத்தாகிவிட்டது. இதெல்லாம் நிஜம், படம் தொடங்கும்போதே எழுத்தில் வந்துவிடுகிறது. ஃபெர்ன் என்ற பெண் கற்பனை. ஆலையில் வேலை பார்த்த கணவன் போ இறந்துவிட்டான், ஊரும் போய்விட்டது. மிச்சமிருப்பதை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறாள். கிறிஸ்துமஸ் சீசனுக்கு அமேஸான் கிடங்கு, கோடையில் முகாம் மைதானத்தில் கழிப்பறை சுத்தம் செய்யும் வேலை, பிறகு உணவகச் சமையலறை, சர்க்கரைக் கிழங்கு அறுவடை. நடுவில் அரிசோனாவின் க்வார்ட்ஸைட் பாலைவனத்தில் வேன்வாசிகளின் கூட்டம். ஃபெர்னாக நடித்தவர் ஃப்ரான்ஸெஸ் மெக்டார்மண்ட். லிண்டா மே, ஸ்வாங்கி, பாப் வெல்ஸ் மூவரும் நிஜ நாடோடிகள், தங்கள் பெயரிலேயே நடித்திருக்கிறார்கள்.

படத்துக்கு மூலம் ஜெஸ்ஸிகா ப்ரூடர் 2017இல் வெளியிட்ட அதே பெயருள்ள நூல். நாவல் இல்லை, இதழியல். 2014இல் ‘ஹார்ப்பர்ஸ்’ இதழில் வந்த நீண்ட கட்டுரை வளர்ந்து புத்தகமானது. ப்ரூடர் தானும் ஒரு வேன் வாங்கி, அதற்கு ‘ஹேலன்’ என்று பெயர் வைத்து, அவர்களோடு சுற்றினார். கிழங்கு அறுவடைக்கும் போனார், அமேஸான் கிடங்கிலும் வேலை பார்த்தார். 2008 வீட்டுக்கடன் நெருக்கடியில் சேமிப்பையும் வீட்டையும் இழந்த அறுபது, எழுபது வயதுக்காரர்கள் எப்படிச் சக்கரத்தின் மேல் வாழும் கூலிப்படையானார்கள் என்பதே புத்தகத்தின் விஷயம். அமேஸான் இந்தப் படைக்குத் தனிப்பெயரே வைத்திருந்தது: ‘கேம்பர்ஃபோர்ஸ்’. கான்கிரீட் தரையில் ஒரு ஷிஃப்டில் பல மைல் நடை, குனிந்து நிமிர்ந்து ஓய்ந்த முதுகு, இலவசமாக வலிமாத்திரை தரும் பெட்டிகள் சுவரில். இந்த விவரங்கள்தான் அந்தப் புத்தகத்தின் எலும்பு.

படத்தில் அந்த எலும்பு இல்லை. கிடங்குக் காட்சிகள் சுத்தமாக, வெளிச்சமாக, கிட்டத்தட்ட நட்பாக இருக்கின்றன. அமேஸான் வேலை பற்றிப் பேச்சு வரும்போது நல்ல காசு என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஃபெர்ன் நகர்ந்துவிடுகிறாள்.

இங்கேதான் முதல் தரப்பின் குற்றச்சாட்டு பிறக்கிறது. அதை நான் முழுக்கத் தள்ளவில்லை. படம் ஆஸ்கர் வாங்கியதற்கு இரண்டு வாரம் முன்னால்தான், 2021 ஏப்ரல் 9 அன்று, அலபாமாவின் பெஸ்ஸமர் கிடங்கில் தொழிற்சங்கம் வேண்டுமா என்று தொழிலாளர்கள் போட்ட வாக்குகள் எண்ணப்பட்டன. ஆதரவாக 738, எதிராக 1,798. அமேஸானின் நடத்தை முறையற்றது என்று தொழிலாளர் வாரியம் பின்னால் மறுவாக்குக்கு உத்தரவிட்டது வேறு கதை. அந்தக் கிடங்கின் தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர். அந்த ஏப்ரலில் அமேஸான் என்ற சொல்லுக்கு அமெரிக்காவில் இருந்த கனத்தை நினைத்தால், படத்தின் மௌனம் உறுத்தத்தான் செய்கிறது.

ஆனால் ஒரு பாத்திரம் முதலாளியைத் திட்டினால் படம் இடதுசாரியாகிவிடுமா? அடுத்த வேலை எங்கே என்று தெரியாத ஒருத்தி, இருக்கிற வேலையை நல்ல காசு என்று சொல்வதில் பொய்யே இல்லை. அப்படித்தான் சொல்வார்கள். சீசன் முடிந்ததும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் காட்சியைப் பாருங்கள். எதிரே இருக்கும் பெண் ஓய்வூதியத்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாமே என்று யோசனை சொல்கிறாள். அது போதாது, எனக்கு வேலைதான் வேண்டும் என்கிறாள் ஃபெர்ன். லிண்டா மே தன் கதையைச் சொல்லும் இடம் இதைவிடக் கூர்மை. பன்னிரண்டு வயதிலிருந்து வேலை செய்தவர், இரண்டு மகள்களை வளர்த்தவர், கணினியில் தன் ஓய்வூதியம் எவ்வளவு என்று பார்த்தால் மாதம் 550 டாலர். பின்னணி இசை அழவைக்க முயலவில்லை. ஒரு மனுஷி ஒரு எண்ணைச் சொல்கிறார், அவ்வளவுதான். அந்த 550க்குள் அமெரிக்க சமூகப் பாதுகாப்பின் மொத்த லட்சணமும் அடங்கிவிடுகிறது. படம் பொருளாதாரத்தைப் பேசவே இல்லை என்பவர்கள் இந்தக் காட்சியில் என்ன பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

*

எனக்கு உறுத்தல் வேறு இடத்தில். படத்தின் பின்பாதியில் ஃபெர்னுக்கு இரண்டு வீடுகள் திறக்கின்றன.

முதலில் வேன் பழுதாகிறது. பழுதுபார்க்கக் காசில்லை. அக்கா டாலியிடம் கடன் கேட்கப் போகிறாள். டாலி காசு தருகிறாள், இங்கேயே இருந்துவிடேன் என்றும் கேட்கிறாள். அடுத்தது டேவ். சாலையில் சிநேகமான சக நாடோடி. பேரப்பிள்ளை பிறந்ததும் மகன் வீட்டோடு போய்விட்டவன். நன்றி தெரிவிக்கும் நாள் விருந்துக்குப் போகும் ஃபெர்னிடம் அவனும் இங்கேயே இரு என்கிறான். அந்த வீட்டின் மெத்தையில் ஃபெர்னுக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்துபோய் வேனில் படுத்துக்கொள்கிறாள். மறுநாள் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிடுகிறாள்.

தனிக்காட்சியாக அது அருமை. மெக்டார்மண்டின் முகத்தில் அந்த வீட்டின் கதகதப்பே ஒரு மூச்சுத்திணறலாக மாறுவது தெரிகிறது. ஆனால் கதையின் கட்டமைப்பாகப் பார்த்தால், இந்த இரண்டு கதவுகளும் ஒரு பெரிய வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிடுகின்றன. வறுமை இப்போது விருப்பமாகிவிட்டது. போக்கிடம் இல்லாததால் சாலையில் இருந்தவள், போக்கிடம் இருந்தும் சாலையைத் தேர்ந்தவளாகிறாள். அவள் ஓடுவது வாடகையிலிருந்து இல்லை, நினைவிலிருந்து. இறந்த கணவனை விட்டு நகர முடியாத துக்கத்திலிருந்து. பாப் வெல்ஸும் ஃபெர்னும் பேசும் கடைசி உரையாடல் இதை உறுதிசெய்கிறது. தற்கொலை செய்துகொண்ட மகனைப் பற்றி வெல்ஸ் சொல்கிறார். அது அவருடைய நிஜ மகன், நிஜ இழப்பு. இந்த வாழ்க்கையில் இறுதி விடைபெறுதல் என்று எதுவுமில்லை, சாலையில் எங்காவது மறுபடி பார்ப்போம் என்கிறார். கண் கலங்காமல் பார்க்க முடியாது. ஆனால் இதே வெல்ஸ்தான் படத்தின் முன்பாதியில், உழைக்கும் மட்டும் உழைத்துவிட்டு மேய்ச்சலுக்குத் துரத்தப்படும் குதிரைகளைப் பற்றி, டாலரின் கொடுங்கோன்மையைப் பற்றிக் கூட்டத்தில் பேசியவர். பொருளாதாரமாக ஆரம்பித்த படம் இரங்கற்பாவாக முடிகிறது.

இதைப் பிற்போக்கு என்று சொல்வது மிகை. ஆனால் ஒரு நழுவல் இருக்கிறது. நிஜத்தில் லிண்டா மே சாலைக்கு வந்தது மகள் குடும்பத்தின் இடநெருக்கடியில், சோபாவில் படுத்து எழுந்த காலத்துக்குப் பிறகு. அவருக்கும் பாசத்துக்குக் குறைவில்லை, இடத்துக்குத்தான் குறை. ஒரு கூடுதல் படுக்கையறையின் விலைதான் ப்ரூடரின் புத்தகத்தின் மையப் பிரச்சினை. படத்தில் படுக்கையறைகள் காலியாக இருக்கின்றன, ஃபெர்னின் மனசுதான் ஒத்துக்கொள்ளவில்லை.

*

இனி பன்மைத்துவக் கணக்குக்கு வருகிறேன்.

2018 மார்ச்சில் சிறந்த நடிகை விருது வாங்கிய மெக்டார்மண்ட், மேடையில் இரண்டு சொற்களைச் சொல்லிவிட்டு இறங்கினார்: ‘இன்க்ளூஷன் ரைடர்’. நடிகர் தன் ஒப்பந்தத்திலேயே, படக்குழுவில் பல தரப்பினருக்கும் இடம் தரவேண்டும் என்று நிபந்தனை போட்டுக்கொள்ளலாம் என்பது அதன் பொருள். 2020 செப்டம்பரில் ஆஸ்கர் அகாதெமி, சிறந்த படத்துக்கான போட்டியில் கலந்துகொள்ளப் புதிய பன்மைத்துவ விதிகளை அறிவித்தது. 2024 விருதுகளிலிருந்து அவை கட்டாயமாயின. நான்கு பிரிவுகளில் இரண்டில் தேறினால் போதும். பெண்கள், இனச் சிறுபான்மையினர், பால்புதுமையினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் திரையிலோ திரைக்குப் பின்னாலோ எவ்வளவு இருக்கிறார்கள் என்பதே அளவுகோல்.

‘நோமேட்லேண்ட்’ இந்தத் தேர்வை எழுதியிருந்தால் சிரமமில்லாமல் தேறியிருக்கும். கதை ஒரு பெண்ணுடையது. எழுதி, இயக்கி, படத்தொகுப்பும் செய்தவர் சீனாவில் பிறந்த பெண். சரி, தேறிவிட்டது. அதனால் நமக்கு என்ன தெரிந்தது?

அந்தப் பட்டியலில் இல்லாத இரண்டு விஷயங்களைப் பாருங்கள். வயது இல்லை, வர்க்கமும் இல்லை. இந்தப் படத்தின் உண்மையான பன்மைத்துவம் இந்த இரண்டில்தான் இருக்கிறது. ஹாலிவுட்டில் எழுபதைத் தாண்டிய ஏழைப் பெண் என்றால் பாட்டி, நோயாளி, இல்லையென்றால் நகைச்சுவைக்கு. ஸ்வாங்கி அப்படி எதுவும் இல்லை. உபரி டயர் இல்லாமல் பாலைவனத்துக்கு வந்துவிட்ட ஃபெர்னை வாங்கு வாங்கென்று வாங்குகிறார். அவர் வேன், அவர் படகு, தனக்கு நெருங்கும் சாவு, அதை எப்படி எதிர்கொள்வது என்று அவருக்கென்று ஒரு தீர்மானம். (நோய் கற்பனை. நிஜ ஸ்வாங்கிக்கு அந்த நோய் இல்லை. அப்படிச் சொல்லவைத்தது சரியா என்பது தனியாக விவாதிக்க வேண்டிய விஷயம்.) வேனுக்குள் வாளியில் மலம் கழிப்பதும் ஓடையில் ஆடையில்லாமல் மிதப்பதும் ஒரே உடம்பு. அதை இரக்கமோ கிளுகிளுப்போ இல்லாமல் காட்டியது சின்ன சாதனை இல்லை. எந்தப் படிவத்திலும் இதற்குக் கட்டம் கிடையாது.

அப்படியானால் நண்பர் கேட்ட கேள்வி? முகமெல்லாம் ஏன் வெள்ளை?

இதற்கு எளிய பதில், நிஜத்திலும் அப்படித்தான் என்பது. ப்ரூடரே புத்தகத்தில் இதைக் கவனித்து எழுதுகிறார். க்வார்ட்ஸைட் கூட்டத்தில் வெள்ளையரல்லாதவர் மிகச் சிலரே. ஏன் என்று யோசிக்கும்போது அவருக்கு உறைக்கிறது: வண்டியில் தூங்குகிறவரைப் போலீஸ் எப்படி நடத்தும் என்பது தூங்குகிறவரின் தோலைப் பொறுத்தது. தன்னைப் போன்ற வெள்ளைக்காரி விளக்கம் சொல்லித் தப்பிக்கிற இடத்தில் இன்னொருவர் தப்பிக்க முடியாமல் போகலாம். அப்படியென்றால் வெள்ளை முகங்களைக் காட்டியதில் படம் பொய் சொல்லவில்லை. ஏன் வெள்ளை என்ற கேள்வியை மட்டும் உதிர்த்துவிட்டது. புத்தகத்தில் ஒரு சிந்தனையாக இருந்தது படத்தில் வெறும் இயற்கைக்காட்சியாகிவிட்டது.

அமெரிக்கச் சாலைக்கு இதில் நீண்ட வரலாறு இருக்கிறது. நியூயார்க்கில் தபால்காரராக இருந்த விக்டர் ஹ்யூகோ கிரீன், 1936லிருந்து ‘கிரீன் புக்’ என்ற கையேட்டை வெளியிட்டார். காரில் பயணம் போகும் கறுப்பினத்தவர் எந்த ஊரில் தங்கலாம், எங்கே சாப்பிடலாம், எங்கே பெட்ரோல் கிடைக்கும் என்ற பட்டியல். முப்பது ஆண்டுகள் அது அச்சில் இருந்தது. சுதந்திரத்தின் சின்னம் என்று கொண்டாடப்பட்ட நெடுஞ்சாலையில், கையேடு இல்லாமல் கிளம்ப முடியாத பயணிகள் இருந்தார்கள். இது பழங்கதையும் இல்லை. 2015 ஜூலை 10 அன்று, புதிய வேலைக்காக டெக்ஸாஸ் வந்திருந்த சாண்ட்ரா ப்ளாண்ட் என்ற 28 வயதுப் பெண், தடம் மாறும்போது சிக்னல் போடவில்லை என்று நிறுத்தப்பட்டார். வாக்குவாதம், கைது. மூன்றாவது நாள் சிறை அறையில் இறந்து கிடந்தார். தற்கொலை என்றது அரசு. அவரும் ஒரு வண்டியில் தனியாகப் போன பெண்தான்.

‘நோமேட்லேண்ட்’டிலும் ஒரு தட்டல் வருகிறது. இரவு, ஃபெர்ன் வேனுக்குள் இருக்கிறாள். கதவில் படபடவென்று தட்டல். இங்கே தூங்கக் கூடாது, கிளம்பு என்று ஒரு குரல். அவள் திடுக்கிட்டு, இதோ போகிறேன் என்கிறாள். அவ்வளவுதான். வேன்வாசிகளின் பேச்சில் இதற்கு ‘தட்டல்’ என்றே பெயர். அவர்களுடைய மிகப் பெரிய பயம் இது என்று ப்ரூடரின் புத்தகத்தில் வருகிறது. படத்தின் மிக அரசியலான நொடியும் என் கணக்கில் இதுதான். ஏனென்றால் ஃபெர்ன் ‘இதோ போகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போக முடிகிறது. தட்டலுக்கு அப்புறம் என்ன நடக்கும் என்பதில்தான் இனம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, நிலம் யாருடையது என்ற கேள்வி இருக்கிறது. அந்தக் குரலுக்குரிய ஆளைப் படம் நமக்கு அறிமுகம் செய்வதே இல்லை.

இன்னொரு விஷயம். கடையில் சந்திக்கும் பழைய மாணவி, நீங்கள் வீடற்றவரா டீச்சர் என்று கேட்கிறாள். இல்லை, எனக்குக் கட்டடம்தான் இல்லை, அது வேறு இது வேறு என்கிற மாதிரி ஃபெர்ன் பதில் சொல்கிறாள். படத்தில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட வசனம் இது. பலரும் இதில் ஒரு கம்பீரத்தைக் கண்டார்கள். எனக்கு அதில் ஒரு கோடு கிழிப்பது தெரிகிறது. அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் ஏறத்தாழ 13 சதவீதம். 2020இல் அரசு எடுத்த கணக்கில், வீடற்றவர்களில் அவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். வேனில் வாழ்பவர்கள் வெள்ளையர், அவர்களுக்குப் பெயர் நாடோடி. நடைபாதையில் கூடாரம் போட்டவர்களில் கறுப்பர் அதிகம், அவர்களுக்குப் பெயர் வீடற்றவர். அந்தப் பதிலை ஃபெர்னைச் சொல்லவைப்பது மானம். ஆனால் மானம் காப்பாற்றப்படுவது இன்னொருவரிடமிருந்து விலகி நிற்பதால்தான். படம் இதை அறிந்து வைத்திருந்தால் மகத்தான காட்சியாகியிருக்கும்.

*

டாலி வீட்டுத் தோட்டத்தில் ஒரு விருந்து. ரியல் எஸ்டேட்காரர்கள் வீட்டு விலை ஏறியதைப் பற்றிப் பேசுகிறார்கள். வாங்கச் சக்தியில்லாத வீட்டுக்காக வாழ்நாள் சேமிப்பைப் போட்டுக் கடனாளியாகச் சொல்வது உங்களுக்கு விசித்திரமாக இல்லையா என்று ஃபெர்ன் வெடுக்கென்று கேட்கிறாள். சூடு தணிக்க டாலி குறுக்கே வருகிறாள்: இந்த நாடோடிகள் செய்வது பழைய முன்னோடிகள் செய்ததுதான், ஃபெர்ன் ஒரு அமெரிக்க மரபின் தொடர்ச்சி என்கிறாள்.

முன்னோடிகள் என்றால் மேற்கு நோக்கி வண்டி கட்டிக்கொண்டு போனவர்கள். அவர்கள் போன நிலம் காலியாக இல்லை. ஃபெர்ன் முகாம் வேலை செய்யும் தெற்கு டகோட்டாவின் பேட்லேண்ட்ஸின் ஒரு பகுதி பைன் ரிட்ஜ் பழங்குடி ஒதுக்கீட்டு நிலத்துக்குள்ளேயே வருகிறது. லகோட்டா மக்களின் ஊர். எம்பயர் ஊருக்கு ரீனோவிலிருந்து வரும் சாலை, பிரமிட் ஏரிப் பையூட் மக்களின் நிலத்தின் வழியாகத்தான் வருகிறது. ஜோஷ்வா ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸின் கேமராவில் இந்த வெளிகள் அப்படியொரு அழகு. அந்தி வெளிச்சம், ஆளில்லாத அடிவானம், லுடோவிகோ ஐனாடியின் பியானோ. அந்த ஆளில்லாமைதான் எனக்குச் சிக்கல். அங்கிருந்து ஆட்கள் அகற்றப்பட்டதால் வந்த வெறுமை அது.

தெரியாமல் நடந்ததென்றால் விட்டுவிடலாம். ஆனால் ஜாவுக்கு இது தெரியும், நம் எல்லாரையும்விட நன்றாகவே தெரியும். அவருடைய முதல் படமான ‘சாங்ஸ் மை பிரதர்ஸ் டாட் மீ’ பைன் ரிட்ஜில் எடுக்கப்பட்டது. இரண்டாவதான ‘தி ரைடர்’ தலையில் அடிபட்டுக் குதிரையேற முடியாமல் போன லகோட்டா இளைஞனைப் பற்றியது. பிராடி ஜாண்ட்ரோ தன் சொந்தக் கதையையே அதில் நடித்தார். அந்தப் படத்தின் தனிமைக்கு ஒரு ஊர் இருந்தது. அப்பா, மனவளர்ச்சி குன்றிய தங்கை, நண்பர்கள், கடன் எல்லாம் இருந்தன. அதே நிலத்துக்கு மூன்றாவது படத்தில் திரும்பி வரும்போது, சுற்றுலாவாசிகளும் பாறைகளும் இருக்கின்றன. லகோட்டா பாத்திரம் ஒன்றுகூடக் கதையில் இல்லை. ‘தி ரைடர்’ பார்த்தவர்களுக்கு இந்த இடைவெளி உறைக்கும். ஒரு பழங்குடிப் பாத்திரத்தைச் சேர்த்துக் கட்டத்தை நிரப்பியிருக்கலாமே என்று நான் கேட்கவில்லை. டாலி முன்னோடிகள் என்று சொன்ன பிறகு கேமரா அந்த மலையை ஒரு கணமாவது வேறு மாதிரி பார்த்திருக்கலாம் என்கிறேன்.

*

இதெல்லாம் ஒரு படத்திடம் கேட்கக்கூடிய விஷயமா? தனிமையைப் பற்றிய படத்தில் சமூகத்தை எங்கே கொண்டுவந்து வைப்பது? வைத்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆன்யெஸ் வர்தாவின் ‘வாகபாண்ட்’ 1985இல் இதே தங்கச் சிங்கத்தை வாங்கியது. அதுவும் தனியாகச் சுற்றும் ஒரு பெண்ணின் கதை. மோனா குளிரில் விறைத்து ஒரு பள்ளத்தில் செத்துக்கிடப்பதில்தான் படமே ஆரம்பிக்கிறது. அவளை நாம் விரும்பும்படி வர்தா எதுவும் செய்யவில்லை. நாற்றமடிக்கிறாள், நன்றி சொல்லமாட்டாள், வேலை கொடுத்தால் செய்யமாட்டாள். அவளைக் கொஞ்ச நாள் உண்மையாக ஏற்றுக்கொள்பவன் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்யும் துனீசியன் ஒருவன். உடன் தங்கும் மொராக்கோத் தொழிலாளர்கள் ஊரிலிருந்து திரும்பி வந்து ஆட்சேபித்ததும் அவனால் அவளை வைத்துக்கொள்ள முடியவில்லை. ஒரே ஒரு உபகதையில் பிரான்ஸின் குடியேறிகள், அவர்கள் தங்குமிடம், அங்கே பெண்ணுக்கு இடமில்லாத நிலை எல்லாம் வந்துவிட்டன. வர்தா கணக்குக்காக யாரையும் சேர்க்கவில்லை. மோனா யார் வீட்டுக் கதவைத் தட்டினாலும், உள்ளே இருப்பவரையும் சேர்த்துப் பார்த்தார், அவ்வளவுதான்.

கெல்லி ரைகார்ட்டின் ‘வெண்டி அண்ட் லூசி’ 2008இல் வந்தது. வேலை தேடி அலாஸ்காவுக்குக் காரில் போகும் வெண்டியும் அவள் நாயும். ஓரிகனில் கார் நின்றுவிடுகிறது. அவளுக்கு ஆறுதல் தரும் நிலக்காட்சி எதுவும் கிடையாது. நோட்டுப் புத்தகத்தில் செலவு எழுதிவைக்கிறாள், தொகை குறைந்துகொண்டே வருகிறது. அதிலும் ஒரு தட்டல் உண்டு. கடை வாசலில் காரில் தூங்குகிறவளைக் காவலாளி கண்ணாடியில் தட்டி எழுப்பி, இங்கே தூங்கக் கூடாதம்மா என்கிறார். ஆனால் ரைகார்ட் அந்தக் காவலாளியை விட்டுவிடவில்லை. நாள் முழுக்க நின்றபடி வேலை பார்க்கும் வயதானவர் அவர். அடுத்தடுத்த நாட்களில் வெண்டிக்கு இருக்கும் ஒரே துணையும் அவர்தான். கடைசியில் சில கசங்கிய நோட்டுகளை அவள் கையில் திணிக்கிறார். அந்தத் தொகை எவ்வளவு சின்னது என்று நமக்குத் தெரியும்போது, அந்த ஊரின் பொருளாதாரம் மொத்தமும் தெரிந்துவிடுகிறது. தட்டும் கையும் கூலிக்காரனுடைய கைதான்.

‘வெண்டி அண்ட் லூசி’யிலும் நாயகி வெள்ளைக்காரிதான், சுற்றியிருப்பவர்களும் பெரும்பாலும் வெள்ளையர்தான். பட்டியலை வைத்துக் கணக்குப் போட்டால் ‘நோமேட்லேண்ட்’டைவிடக் குறைந்த மதிப்பெண்தான் கிடைக்கும். ஆனால் அரசியலில் அதுதான் கூர்மையான படம். பன்மைத்துவக் கணக்கு எங்கே உடைகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

*

ஜாவையே ஒரு கணக்காக்கிய கதையையும் சொல்லவேண்டும். 2021 பிப்ரவரி கடைசியில் கோல்டன் குளோப் வாங்கியதும் சீன ஊடகங்கள் அவரைத் தங்கள் பெருமை என்று எழுதின. சில நாட்களில், 2013இல் ஒரு அமெரிக்க இதழுக்கு அவர் கொடுத்த பேட்டி தோண்டியெடுக்கப்பட்டது. சீனாவில் வளர்ந்ததைப் பற்றி அதில் கசப்பாக ஏதோ சொல்லியிருந்தார். அவ்வளவுதான், இணையத்தில் படத்தின் பெயர் தணிக்கையானது, திட்டமிட்டிருந்த சீன வெளியீடு நடக்கவில்லை, ஆஸ்கர் செய்தியே அங்கே அமுக்கப்பட்டது. ஒரு நாட்டில் அவர் சீனப் பெண் என்பதால் மதிப்பெண் கூடியது. இன்னொரு நாட்டில் போதுமான சீனப் பெண் இல்லை என்பதால் மதிப்பெண் போனது. படத்தில் என்ன இருக்கிறது என்று இரண்டு பேரும் பார்க்கவில்லை.

என்னுடைய மதிப்பீடு இதுதான். ‘நோமேட்லேண்ட்’ கார்ப்பரேட் விளம்பரமும் இல்லை, முற்போக்கு முத்திரை குத்திய படமும் இல்லை. வயதான, உழைக்கும் பெண்களுக்குத் தனியாக இருக்கும் கண்ணியத்தைத் தந்த படம். லிண்டா மேயும் ஸ்வாங்கியும் பேசும்போது நடிப்புக்கும் சாட்சியத்துக்கும் நடுவே ஒரு இடம் திறக்கிறது. அந்த இடத்துக்காகவே இதை மறுபடி மறுபடி பார்க்கலாம், நானும் பார்க்கிறேன். ஆனால் அந்தக் கண்ணியத்துக்காக அது ஒரு விலை கொடுத்தது. தனிமையை ஒருவரின் ஆன்மாவுக்குள் வைத்துப் பூட்டியது. வெளியே இருக்கும் சட்டம், நிலம், தோல் நிறம், ஓய்வூதியம் எல்லாம் கண்ணாடிக்கு அப்பால் ஓடும் காட்சிகளாகிவிட்டன.

2024 ஜூனில், ஓரிகனின் கிராண்ட்ஸ் பாஸ் நகர வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. தங்க வேறிடம் இல்லாவிட்டாலும், பொது இடத்தில் படுத்துத் தூங்குகிறவருக்கு நகரம் அபராதம் போடலாம், தண்டிக்கலாம், அது அரசியல் சாசனத்துக்கு விரோதமில்லை என்று. எம்பயர் இன்று ஃபெர்னுக்கு முடிந்துபோன கதையாக இருக்கலாம். கதவில் விழும் தட்டல் முடியவில்லை, பலத்துக்கொண்டுதான் போகிறது. இனி சாலையில் தனியாகப் போகிறவர்களைப் பற்றிப் படம் எடுப்பவர்கள் அடிவானத்தைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, வேன் கதவைத் திறந்து வெளியே நிற்பது யார் என்று பார்த்தால் நல்லது.